ஹைட்டியின் கடன் கணக்கையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வெளிநாட்டுப் பக்கத்தில் ஹைட்டியைப் பற்றி எப்போது செய்தி வந்தாலும் கடைசிப் பத்தி மாறுவதே இல்லை: 'அமெரிக்கக் கண்டங்களிலேயே மிகவும் ஏழையான நாடு ஹைட்டி.' அதோடு சரி. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஆயுதக் கும்பல்களின் அட்டகாசம், பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு ஓடியது எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாடு ஏன் ஏழையானது என்று ஒரு வரி கிடையாது. படிக்கிறவர் தாமாக ஒரு காரணத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறார். எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவங்களுக்கு ஆளத் தெரியலை சார்."

நான் கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், ஹைட்டியின் கதையை அதன் கடன் கணக்கிலிருந்து படிக்க வேண்டும்.

அன்று அதன் பெயர் சான் தொமாங். பிரான்ஸின் காலனி. ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல் அங்கே விளைந்ததுதான். விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும், கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். தலைமை தாங்கிய தூசேன் லூவெர்த்யூர் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து அவரைப் பிடித்து, பிரான்ஸின் மலைக்கோட்டை ஒன்றில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அந்தக் குளிரிலேயே இறந்துபோனார். ஆனால் அதே ஆண்டு நவம்பரில் நெப்போலியனின் படை வெர்தியேர் என்ற இடத்தில் தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று தூசேனின் தளபதியாக இருந்த தெசலீன் சுதந்திரப் பிரகடனம் செய்தார். அடிமைகளே போராடி அமைத்த நாடு உலகில் இது ஒன்றுதான். பள்ளியில் பிரெஞ்சுப் புரட்சியைப் பக்கம் பக்கமாகப் படித்தோமே, இதைப் பற்றி அரைப் பக்கமாவது படித்த ஞாபகம் உண்டா?

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. 1825-ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்ல்ஸ் 14 போர்க்கப்பல்களை அனுப்பினார். அவற்றில் 500-க்கும் மேற்பட்ட பீரங்கிகள். கூடவே ஓர் ஆணை: உங்கள் சுதந்திரத்தை அங்கீகரிக்கிறோம், அதற்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள், ஐந்து தவணையில். எதற்கு இந்தப் பணம்? பண்ணை முதலாளிகள் இழந்த சொத்துக்கு ஈடாம். அந்தச் சொத்தில் நிலமும் கட்டடமும் மட்டுமல்ல, மனிதர்களும் அடக்கம். அதாவது விடுதலை பெற்றவர்கள் தங்கள் உடம்புக்கான விலையைத் தாங்களே கட்ட வேண்டும். ஹைட்டி அதிபர் புவாயே கையெழுத்துப் போட்டார். பீரங்கி வாய் கரையைப் பார்த்து நிற்கும்போது வேறு யார் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததுதான் எங்கள் தொழில்காரர்களுக்கு நன்றாகப் புரியும். முதல் தவணை 3 கோடி பிராங்க். ஹைட்டி அரசின் ஓராண்டு வருமானத்தைப் போல அது பல மடங்கு. கையில் பணம் இல்லை. சரி, கடன் வாங்கிக் கட்டுங்கள் என்று பாரிஸ் வங்கிக்காரர்களையே கைகாட்டினார்கள். பத்திரத்தில் எழுதிய கடன் 3 கோடி, கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். நம் ஊர்க் கந்துவட்டிக்காரர் முன்வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை நீட்டுவாரே, அச்சாக அதேதான். வட்டி மட்டும் முழு 3 கோடிக்கும் உண்டு. தவணைக்குக் குறைந்த 60 லட்சத்துக்கு அரசுக் கருவூலத்தைத் துடைத்து எடுத்தார்கள். 1838-ல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள் என்பதைப் பெருந்தன்மை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காப்பி ஏற்றுமதி வரியிலிருந்து. மலைச்சரிவில் காப்பி பயிரிட்ட சிறு விவசாயிதான் கட்டினார். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போக வேண்டியது கப்பலேறிப் போனது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 1880-ல் 'ஹைட்டி தேசிய வங்கி' என்று ஒன்று தொடங்கினார்கள். பெயரில்தான் தேசியம், நிர்வாகம் பாரிஸில் இருந்த ஒரு வங்கியின் கையில். அரசு பணம் போட்டாலும் எடுத்தாலும் அதற்குக் கமிஷன். ஈபிள் கோபுரம் கட்டப் பணம் கொடுத்தவர்களில் அந்தப் பாரிஸ் வங்கியும் உண்டு.

அமெரிக்காவும் சளைத்ததில்லை. ஹைட்டியை அங்கீகரிக்கவே 1862 வரை எடுத்துக்கொண்டது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைட்டியின் வங்கிப் பெட்டகத்திலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தைக் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். மறு ஆண்டே படையோடு வந்து இறங்கி 1934 வரை ஆண்டார்கள். அந்த ஆட்சியில் சுமத்திய கடன் முழுதாக அடைந்தது 1947-ல். நாம் சுதந்திரம் பெற்ற ஆண்டு.

ஹைட்டி ஆட்சியாளர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. துவாலியே அப்பாவும் மகனும் 29 ஆண்டுகள் அந்த நாட்டைச் சூறையாடினார்கள். அதைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் அதை மட்டும் எழுதினால் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறீர்கள். பொலிவார் தென் அமெரிக்க விடுதலைக்குப் போராடி ஓய்ந்துபோய் வந்தபோது, 1816-ல் துப்பாக்கியும் ஆட்களும் கொடுத்து அனுப்பிய நாடு இது. அதற்குப் பதிலாக ஹைட்டி கேட்டது, நீங்கள் விடுவிக்கும் மண்ணில் அடிமைகளையும் விடுவியுங்கள் என்பதைத்தான். பத்து ஆண்டு கழித்து பனாமாவில் புதிய நாடுகள் மாநாடு கூடியபோது ஹைட்டிக்கு அழைப்பு இல்லை. இதெல்லாம் செய்திக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். சினிமா நடிகர் வாங்கிய காருக்கு நீங்கள் ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று 2003-ல் அதிபர் அரிஸ்டைட் பிரான்ஸிடம் கேட்டார். அவர் சொன்ன தொகை 2,100 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டே பதவியை இழந்து நாட்டை விட்டு வெளியேறினார். 2015-ல் பிரெஞ்சு அதிபர் ஒல்லாந்த் 'கடனைத் தீர்ப்பேன்' என்று மேடையில் பேசினார். கைதட்டல் அடங்குவதற்குள் அவருடைய அதிகாரிகள், அவர் சொன்னது தார்மீகக் கடனை என்று விளக்கம் கொடுத்துவிட்டார்கள். மன்னரின் ஆணைக்கு இருநூறு ஆண்டு நிறைந்த 2025 ஏப்ரல் 17 அன்று பிரெஞ்சு அதிபர் மாக்ரோன், இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் கொண்ட குழு ஒன்றை அறிவித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது பற்றி வாயே திறக்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இருக்கட்டும், அந்தக் குழுவில் வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரையும் சேர்க்கச் சொல்லி உங்கள் தலையங்கத்தில் எழுதலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கும்பகோணம்.