எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறாய்?

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. இரட்டைக் குழந்தைகள் என்று படித்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். தங்கச்சி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். பெரியவளுக்குத் தம்பி, தங்கை இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டதே, அவள் முகம் எப்படி இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது. அம்மாவும் இனி உங்களோடுதான் என்பது எனக்கு இன்னும் சந்தோஷம்.

என் பக்கச் செய்தி பெரிதாக இல்லை. மூத்தவன் கல்லூரிக்குப் போய்விட்டான். சின்னவள் உயரத்தில் அவள் அம்மாவைத் தாண்டிவிட்டாள். வண்டி அதே பழைய மினிவேன்தான். 2,40,000 கிலோமீட்டர் ஓடியும் என்னைக் கைவிடவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மினிவேன் வாங்கினால் புதுசா, பழசா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நீயே உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வண்டியை எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறாய்? புது வண்டியின் மதிப்பு வேகமாக இறங்குவது முதல் மூன்று வருஷத்தில்தான். நாலைந்து வருஷத்தில் மாற்றிவிடுவாய் என்றால் அந்த இறக்கம் முழுவதும் உன் தலையில்தான் விழும். அப்போது மூன்று வயது ஆன, ஒரே ஆள் கையில் இருந்த வண்டியை வாங்குவதே நல்லது. பிள்ளைகள் பள்ளி முடிக்கும்வரை, அதாவது பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஓட்டுவேன் என்றால் கணக்கு மாறும். அந்த முதல் இறக்கம் அத்தனை வருஷத்துக்கும் பரவிப் போய்விடும். எண்ணெய் மாற்றியதிலிருந்து எல்லாமே உன் கையில் நடந்திருக்கும். அது சின்ன விஷயம் இல்லை.

அதிலும் டொயோட்டா சியன்னா மாதிரி சில வண்டிகள் பழசானாலும் விலை அதிகம் இறங்காது. இரண்டு வருஷப் பழசுக்கும் புதுசுக்கும் விலை வித்தியாசம் சொற்பமாக இருந்தால், தயங்காமல் புதுசை வாங்கு. பழைய வண்டிக் கடனுக்குப் பெரும்பாலும் வட்டி கூடுதல் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடு. மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. தவணையைச் சிறிதாக்க வேண்டுமென்றால் காலத்தை நீட்டினால் போதும், யாரும் செய்துவிடுவார்கள். மொத்தமாக எவ்வளவு கட்டப் போகிறாய் என்று கேள்.

ஏன் மினிவேன், எஸ்யூவி வாங்கக் கூடாதா என்று உன் அலுவலகத்தில் எல்லோரும் கேட்பதாக எழுதியிருந்தாய். அம்மாவின் முழங்காலை நினைத்துப் பார். 1983 கடைசியில் கிரைஸ்லர் நிறுவனம் டாட்ஜ் கேரவன், பிளிமத் வாயேஜர் வண்டிகளைக் கொண்டுவந்தபோது செய்த பெரிய காரியமே தரையைத் தாழ்த்தியதுதான். எஞ்சினைக் குறுக்காக வைத்து, முன் சக்கரங்களை ஓட வைத்தார்கள். எஞ்சினிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் தண்டு இல்லாததால் தரை தட்டையாகவும் தாழ்வாகவும் வந்தது. என் அப்பாவின் கடைசி வருஷத்தில் அந்தத் தாழ்ந்த தரையின் அருமையை நான் தினமும் பார்த்தேன். கதவு முழுவதும் நகர்ந்துவிடும், அவர் முதலில் பின்பக்கமாகத் திரும்பி உட்காருவார், பிறகு நான் இரண்டு காலையும் தூக்கி உள்ளே வைப்பேன். கதவு குறுக்கே வராது, தலை இடிக்காது. உயரமான வண்டியாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்க இன்னொரு ஆளைத் தேட வேண்டியிருந்திருக்கும்.

இப்போது உன் வீட்டுக் கணக்கு. ஆறு பேர். அதில் இரண்டு கைக்குழந்தைகள் பின்பக்கம் பார்த்த சீட்டில். பெரியவளுக்கு உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட். அம்மாவுக்கு முழங்கால். ஏழு இருக்கை போதும் என்று காகிதத்தில் தோன்றும். ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். நடுவில் இரண்டு தனி இருக்கை இருக்கிற வண்டியில் இரட்டையர் இரண்டு பேரையும் அங்கே வைத்தால், அம்மா மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டும். அது கூடாது. அம்மாவை முன்னால் உட்கார வைத்தால், தங்கச்சி மூன்றாம் வரிசையில் பெரியவளோடு போய்விடுவாள். நடு ராத்திரி நெடுஞ்சாலையில் குழந்தை அழுதால் அங்கிருந்து அவள் கை எட்டாது.

நடுவரிசையில் மூன்று பேர் உட்காரும் எட்டு இருக்கை வண்டி என்றால், இரண்டு ஓரத்திலும் குழந்தைகள், நடுவில் தங்கச்சி, முன்னால் அம்மா. முதல் ஒன்றரை வருஷத்துக்கு இதுதான் உனக்குச் சரிவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஓரத்து இரண்டிலும் குழந்தை சீட்டை இறுக்கிக் கட்டிவிட்டால் பெரியவள் மூன்றாம் வரிசைக்கு எப்படிப் போவாள்? அதனால் நடு இருக்கையைத் தனியாகக் கழற்றவோ மடக்கவோ முடிகிற வண்டியாகப் பார். 2018க்குப் பிறகு வந்த ஹோண்டா ஒடிஸி எட்டு இருக்கை மாடல்களில் நடு இருக்கையைக் கழற்றிவிட்டால் ஓர இருக்கைகள் பக்கவாட்டில் நகரும். பிள்ளைகள் நடக்க ஆரம்பித்ததும் அது உனக்குப் பெரிய உதவி. வேறு சில வண்டிகளில் குழந்தை சீட்டைக் கழற்றாமலேயே நடு இருக்கை முன்னால் சாயும். விற்பவர் சொல்வதை நம்பாதே. உன் வீட்டிலிருக்கிற மூன்று சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போ, அங்கேயே மாட்டிப் பார். குழந்தை சீட்டை மாட்டும் கொக்கிகள் எந்தெந்த இருக்கையில் இருக்கின்றன என்று விரலை விட்டுத் தடவி எண்ணு. எல்லா இருக்கையிலும் இருக்கும் என்று நினைக்காதே. மூன்றாம் வரிசையில் ஒன்றுதான் இருக்கிற வண்டிகளும் உண்டு.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோ வரை ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். எழுபது கிலோ ஆட்கள் ஏழு பேர் என்றாலே 490 கிலோ ஆகிவிடும், அதற்கு மேல்தான் பெட்டிகள். அந்த எண்ணைக் குறித்துக்கொள். கூரையில் பெட்டி கட்டுகிற பழக்கம் உனக்கு உண்டே!

எரிபொருள் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக யோசி. 2021 மாடலிலிருந்து சியன்னா ஹைபிரிட் மட்டும்தான், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும். அமெரிக்க அரசின் சோதனை அளவுப்படி லிட்டருக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல் கொடுக்கிறது. ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின் ஒடிஸியும் கிரைஸ்லர் பசிஃபிகாவும் அதே அளவில் 9 சொச்சம். வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் 800 லிட்டருக்கு மேல். உன் ஊர் விலையால் அதைப் பெருக்கி, நீ வைத்திருக்கப் போகும் வருஷத்தாலும் பெருக்கு. நீண்ட நாள் வைத்திருப்பவனுக்கு ஹைபிரிட்டின் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள். பசிஃபிகாவில் பிளக்கில் சொருகி சார்ஜ் செய்யும் வகையும் வந்தது. மின்சாரத்தில் மட்டும் சுமார் 50 கிலோமீட்டர் போகும். ஆனால் பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் நடு இருக்கைகள் தரைக்குள் மடங்காது. தவிர, 2017, 2018 மாடல் பிளக் இன் வண்டிகளைத் தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2022இல் ரீகால் செய்தார்கள், அதாவது நிறுவனமே சரிசெய்யத் திரும்பக் கூப்பிட்டது. பழசில் இதைப் பார்த்தால் அந்த வேலை முடிந்ததா என்று கட்டாயம் கேள்.

பழைய வண்டி என்றால் என் கதையை உனக்குச் சொல்ல வேண்டும். நான் முதலில் வாங்கிய மினிவேன் பளபளவென்று இருந்தது. டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. விற்றவர் அரை மணி நேரம் ஓட்டவும் விட்டார். வாங்கிய மூன்றாம் நாள் எஞ்சின் விளக்கு வந்தது, ஒரு வாரத்தில் கியர் மாறும்போது யாரோ பின்னால் இடித்தது போல ஒரு உதறல். மெக்கானிக் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, “விற்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் இருந்த பழைய குறைப் பதிவுகளை அழித்திருக்கிறார்கள்” என்றார். கியர்பாக்ஸைச் சரி செய்த செலவில் ஒரு வருஷ சேமிப்பு போயிற்று. எனக்கு அன்றைக்கு வந்த கோபத்தைவிட, இரண்டு பிள்ளைகளையும் அந்த வண்டியில் வைத்து ராத்திரியில் ஓட்டியிருக்கிறோமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். குறைப் பதிவுகளை அழித்தால் வண்டியின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே மறுபடி சோதித்துக்கொள்ள ஆரம்பிக்கும். அந்தச் சோதனைகள் முடியச் சில நாள் ஓட வேண்டும். அதுவரை ஸ்கேனரில் ‘தயாராக இல்லை’ என்று காட்டும். பல சோதனைகள் அப்படிக் காட்டினால் சமீபத்தில் எதையோ துடைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதுவாக இருந்தாலும் இன்னொரு வாரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வா.

அப்புறம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவுகிறவர்கள் கார்பெட்டை மாற்றுவார்கள், வாசனை அடிப்பார்கள், பெல்ட் சுருளின் உள்பக்கத்தை மறந்துவிடுவார்கள். அங்கே மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தால், அதற்கு மேல் பேச்சே வேண்டாம். ஸ்டெப்னி இருக்கிற குழியையும் தடவிப் பார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது. நாலு டயரும் நாலு வெவ்வேறு வருஷத்தைக் காட்டினால், பராமரித்தவர் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு புரிந்துவிடும்.

தானாக நகரும் கதவுகள்தான் மினிவேனில் அதிகம் உழைக்கிற பாகம். மோட்டார், கேபிள், உருளை எல்லாம் வெளியே தெரியாமல் தேயும். என் வண்டியில் இடதுபக்கக் கதவு ஒருநாள் பாதியில் நின்று, மழையில் கையால் தள்ளி மூட வேண்டியதாயிற்று. அதனால் ஒரு தடவை திறந்து மூடிவிட்டுத் திருப்திப்படாதே. பத்துத் தடவை செய். சாவியிலிருந்து, உள் கைப்பிடியிலிருந்து, வெளிக் கைப்பிடியிலிருந்து, அப்புறம் சரிவில் நிறுத்தி. கரகரவென்ற சத்தம், நடுவில் ஒரு தயக்கம், எதையும் விட்டுவிடாதே. பின் ஏசியைத் தனியாகப் போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் இரு. அதற்கான குழாய்கள் வண்டிக்கு அடியில் பின்பக்கம்வரை ஓடுகின்றன. அவை அரித்துப் போனால் முன்னால் குளிரும், குழந்தைகள் பக்கம் வெறும் காற்றுதான் வரும்.

எஞ்சினுக்குள் இருக்கும் பாகங்களை ஒரே தாளத்தில் ஓட வைக்கிற டைமிங் பெல்ட்டையும் கேள். ஒடிஸியின் வி6 எஞ்சின் பல வருஷ மாடல்களில் பெல்ட்தான், அது அறுந்தால் எஞ்சினே போய்விடும். 1,60,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்ற வேண்டியது. பழைய சியன்னாவில் 2004 முதல் 2006 வரை பெல்ட், 2007லிருந்து செயின். 1,50,000 ஓடிய ஒடிஸியைப் பார்த்தால் பெல்ட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையிலிருந்து கழிக்கச் சொல். நிறம், பாட்டு சிஸ்டம் இதற்கெல்லாம் நேரம் செலவிடாதே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2023இல் அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் என்ற விபத்து ஆய்வு அமைப்பு பசிஃபிகா, கியா கார்னிவல், ஒடிஸி, சியன்னா நான்கையும் பின் இருக்கைப் பாதுகாப்பையும் பார்க்கிற புதிய மோதல் சோதனையில் வைத்தது. ஒன்றுக்கும் ‘நல்லது’ என்ற மதிப்பெண் கிடைக்கவில்லை. குடும்ப வண்டியில் பின்னால்தான் எல்லோரும் இருக்கிறார்கள். நீ பார்க்கிற மாடலில் அந்தச் சோதனைக்குப் பிறகு மாற்றம் செய்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள். எந்த வண்டியாக இருந்தாலும் அம்மா உட்பட எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் கிளம்ப வேண்டும்.

எதிலும் கையெழுத்திடும் முன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல். விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதையே பதிலாக எடுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். பகல் வெளிச்சத்தில் போ. முதல் நாளே சொல்லி, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள். காலையில் குளிர்ந்த எஞ்சின் எழும் சத்தத்தை நீயே கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு என் ஸ்கேனரையும் பார்சலில் வைத்திருக்கிறேன், ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் போதும். பார்த்ததை எனக்கு அன்றைக்கே எழுது, அல்லது கூப்பிடு. ஸ்கேனரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். குழந்தைகளைப் பார்க்க நாங்கள் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்