மேல்மடைக்காரர் கையில் உங்கள் பத்திரிகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழ் வேளாண் பக்கத்தில் ‘வாய்க்காலில் கலக்கும் களைக்கொல்லி வெயில் பட்டு ஓரிரு நாளில் சிதைந்துவிடும், பயப்பட வேண்டியதில்லை’ என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அது எந்த ஊர் வாய்க்கால் என்று சொன்னால் நானும் அங்கேயே இரண்டு மா நிலம் பார்த்துக்கொள்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்களுக்கு ஆவணியில் வந்து சேரும் தண்ணீர் டீக்கடை டீ நிறத்தில் இருக்கும், இறங்கி நின்றால் நம் பாதமே நமக்குத் தெரியாது, அதற்குள் வெயில் புகுந்து மருந்தைச் சிதைக்குமாம்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை உடைப்பது பெரும்பாலும் நுண்ணுயிர்கள்தான், வெயில் இல்லை. அது சேற்றில் ஒட்டிக்கொள்ளும், உடைந்தாலும் ஆம்பா என்று வேறொன்றாக மாறும், அது இன்னும் நீண்ட நாள் கிடக்கும். பாராகுவாட்டைத் தண்ணீரில் தேடினால் சில நாளில் காணாது, அடியில் களிமண்ணைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் படுத்திருக்கும். மக்காச்சோளத்துக்குப் போடும் அட்ரசின் அவ்வளவாக மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடேயே மாதக்கணக்கில் போகும். 2,4-டி ஓடுகிற தண்ணீரில் சில வாரத்தில் குறையும், காற்றில்லாத சேற்றில் அதுவும் மாதக்கணக்குதான். இத்தனையையும் ‘களைக்கொல்லி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஓரிரு நாள் என்று சீட்டு ஒட்டிவிட்டீர்கள். வாசலில் காணோம் என்பதற்காகத் திருடன் ஊரைவிட்டே போய்விட்டான் என்று யாராவது படுத்துத் தூங்குவார்களா?

நான் மருந்தே தொடாத உத்தமன் இல்லை. களை பறிக்க ஆள் கிடைக்காமல் நானும் பிரெட்டிலாகுளோர் போடுகிறவன்தான். ஆனால் போட்டபின் மூன்று நாளைக்கு மடையைத் தொடமாட்டேன். போன வாரம் மேல்மடைக்காரர் காலையில் மருந்து போட்டு, சாயங்காலம் மழை வந்ததும் வடிய விட்டுவிட்டார். கேட்டால் உங்கள் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டுகிறார். அவருடைய வடிகால்தான் ஐயா எங்களுக்குப் பாசனம்.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் குளத்து ஆகாயத்தாமரைக்குக் காண்ட்ராக்ட் எடுத்தவர் மருந்து அடித்தார். ஒரே வாரத்தில் அத்தனையும் அழுகி, ஒருநாள் விடியற்காலை கெண்டையெல்லாம் வாயைப் பிளந்து மிதந்தது. மருந்து மீனைக் கொல்லாது என்று லேபிளைக் காட்டினார். உண்மையாகவே இருக்கட்டும், அழுகல் தண்ணீரிலிருந்த பிராணவாயுவைத் தின்றுவிட்டதே. விரால் மட்டும் பிழைத்தது, அது மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். அப்போதே உங்களுக்கு எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும், அந்த இதழில் களைக்கொல்லி விளம்பரம் மட்டும் முழுப் பக்கம். அதற்கு முந்தைய வருஷம் எக்டேருக்கான அளவை ஏக்கருக்கு என்று அச்சடித்தீர்கள். இரண்டரை மடங்கு! திருத்தம் ராசிபலனுக்கு அடியில் வந்தது, என் மனைவி பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன்.

கலிபோர்னியாவில் 1980களின் தொடக்கத்தில் இதே கதைதான். நெல்வயல் தண்ணீர் வடிந்து வடிகாலில் கெண்டை செத்தது, கீழே சேக்ரமென்டோ நகரத்தில் குடிதண்ணீர் கசந்தது. அப்புறம்தான் மருந்து போட்ட வயலில் தண்ணீரைக் கட்டி வைக்கச் சொன்னார்கள், சில மருந்துக்கு நான்கு வாரம் வரை. சிதையும் என்பது சரி, அது போட்டவன் வயலுக்குள்ளேயே சிதையட்டும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி எந்தக் களைக்கொல்லிக்கு அளவு போட்டாலும், எத்தனை நாள் மடை திறக்கக்கூடாது என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். ராசிபலனுக்கு அடியில் வேண்டாம்.

இப்படிக்கு,
கடைமடைக்காரன்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.