கரண்டியைக் கீழே வைக்கச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொன்னால் "என்ன, அந்நியமாக்கிட்டியா?" என்று கோபித்துக்கொள்கிற ஊர் நம்முடையது. கோபித்தாலும் பரவாயில்லை. ஜெர்மனியிலிருந்து வரும் பள்ளி மாணவர்களைச் சென்னையில் தங்கவைக்கும் குடும்பங்கள் சார்பில் இதை எழுதுகிறோம்.

முதல் நன்றி, மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்துவிட்டு எங்களுக்குச் சொல் சொல்லாக விளக்கியவர்களுக்கு. "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்கும்போது 'டாங்கே' என்று மட்டும் பதில் வந்தால், நன்றி என்று நாம் பூரித்துப்போய்ப் பரிமாறக் கூடாது, அது 'வேண்டாம்'. வேண்டுமென்றால் 'யா, பிட்டே' என்பார்கள். நம் வீடுகளில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதுதான் நிஜம். அவர்களுக்கு முதலாவதே முடிவு. திரும்பத் திரும்பக் கேட்டால், சொன்னதை இவர்கள் நம்பவில்லையோ என்று குழம்புவார்கள்.

தட்டில் இது இன்னும் வம்பு. போட்டதை மிச்சம் வைக்காமல் முடிப்பது அவர்கள் வளர்ப்பு. காலித் தட்டைக் கண்டால் கரண்டியைத் தூக்குவது நம் வளர்ப்பு. அவர்கள் காலியாக்க நாம் நிரப்ப, ஆறாவது இட்லியில் பிள்ளைக்கு மூச்சு முட்டும். அதற்கு வழி சொன்னவர்கள், ஜெர்மனியில் ஓராண்டு தங்கிப் படித்துத் திரும்பிய நம் பிள்ளைகள். வந்த அன்றே 'போதும்' என்ற சொல்லையும், தட்டுக்கு மேல் கையை நீட்டி மறிப்பதையும் கற்றுக்கொடுங்கள், ஒரு தரம் மட்டும் கேளுங்கள் என்றார்கள். அவர்கள் அங்கே பட்டது நேர்மாறு: கூச்சத்தில் ஒரு முறை 'வேண்டாம்' என்றால் பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடுமாம்!

சமையல் செய்த அம்மாக்களுக்குத் தனி நன்றி. ஜெர்மன் பேச்சில் 'மோசமில்லை' என்பது நல்ல பாராட்டு. சாம்பாரைப் பற்றி அதைக் கேட்டும் முகம் சுளிக்காமல் இருந்தீர்களே.

பள்ளி ஆசிரியர்களே, 'பார்க்கலாம்' என்று நாம் மென்மையாக மறுத்தால், அந்த மாணவர் நிஜமாகவே பார்க்கப்போகிறார்கள் என்று காத்திருப்பார். 'முடியாது' என்பதையும் காரணத்தையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொண்டீர்கள். நமக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அக்கம்பக்கத்து மாமிகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். "எங்கே கிளம்பிட்டே?" என்பது நம் வணக்கம், அவர்களுக்கு விசாரணை. போகும் இடம், திரும்பும் நேரம் எல்லாம் ஒப்பிக்கத் தொடங்கியவர்களுக்கு, "இதோ, இங்கதான்" என்றால் போதும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

வேன் ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனில் 'ஹால்ப் ஃபுன்ஃப்', அதாவது 'பாதி ஐந்து', நாலரை மணி. அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லும்போது நம் காதில் ஐந்தரை என்று விழும். மணியை எண்ணாகத் தாளில் எழுதி வாங்கும் பழக்கம் உங்களுடையது. இப்போது எல்லாரும் அதையே செய்கிறோம்.

ஃபிரிட்ஜில் ஒட்டும் குறிப்புத் தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டியே சொன்னால் அவர்களுக்கு அபசகுனம். முதல் நாளே கேக் வெட்டத் துடிக்கும் சித்தப்பாக்கள் கவனிக்க.

இப்படிக்கு,
தங்கவைக்கும் குடும்பத்தினர், சென்னை