மருந்து விதிகளை லாயத்துச் சுவரில் ஒட்டுங்கள்

இலங்கையில் குதிரைப் பந்தயம் நடத்துகிறவர்களுக்கும், விளையாட்டுத்துறை அமைச்சுக்கும், நுவரெலியாவில் குதிரை ஓடவிடும் உரிமையாளர்களுக்கும்

வணக்கம்.

நுவரெலியாவின் ஏப்ரல் பந்தயங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கும்போதே இதை எழுதுகிறேன். பந்தயம் முடிந்த பிறகு எழுதினால், தோற்றவர்களின் பக்கம் நின்று ஏதோ ஒரு குதிரையைக் குற்றம் சொல்வதாகிவிடும். எனக்கு அந்த எண்ணம் இல்லை. பந்தயம் வேண்டாம் என்று சொல்பவனும் இல்லை நான். சிறு வயதிலிருந்து ரேஸ் பார்க்கிறவன்.

நான் கேட்பது இதுதான். ஓடப்போகும் குதிரைக்கு எந்த மருந்து ஆகும், எது ஆகாது, ஆகும் மருந்தைக்கூட எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்ற விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, குதிரைக்குத் தண்ணீர் வைக்கிறவர், தீவனம் போடுகிறவர், காலுக்குத் தைலம் தேய்க்கிறவர் கண்ணில் படும்படி லாயத்திலேயே ஒட்டுங்கள். சோதனை முடிவுகளைப் பொதுமக்களுக்கும் சொல்லுங்கள்.

கொழும்பில் உட்கார்ந்துகொண்டு இவனுக்கு எதற்கு இந்தக் கவலை என்று நீங்கள் நினைக்கலாம். ரீட் மாவத்தைத் திடலில் 1893இல் தொடங்கிய பந்தயம் 1956இல் நின்றுபோனது உண்மை. போர்க்காலத்தில் விமானத் தளமாக இருந்த அந்த இடத்தில் இப்போது றக்பி ஆடுகிறார்கள், பழைய பார்வையாளர் மண்டபத்தில் கடைகள் இருக்கின்றன. ஆனால் கொழும்பு ரேஸை விடவில்லை. மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு புக்கிக்குள், அதாவது பந்தயம் கட்டும் கடைக்குள், போய்ப் பாருங்கள். இங்கிலாந்தை ஒருநாளும் பார்க்காதவர்கள் அஸ்கொட், நியூமார்க்கெட் என்று அந்தத் திடல்களின் மேடு பள்ளம்வரை சொல்வார்கள். ஏப்ரல் வந்தால் பாதிப் பேர் மலைக்கு ஏறிவிடுவார்கள். பணம் போகிற இடத்தில் நேர்மை இருக்கிறதா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அந்தப் பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மருந்துச் சோதனை முடிவு வர நாட்கள் ஆகும், சில சமயம் வாரங்கள் ஆகும். அதற்குள் பந்தயப் பணம் பட்டுவாடா ஆகிவிடும். 2021 மே முதலாம் திகதி அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டேர்பியில் முதலாவதாக வந்தது மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை. அதன் இரத்தத்தில் பீட்டாமெதசோன் என்ற வீக்கம் குறைக்கும் மருந்து இருந்தது. 2022 பெப்ரவரியில் வெற்றியைப் பறித்து, இரண்டாவதாக வந்த மாண்டலூனுக்குக் கொடுத்தார்கள். மாண்டலூனின் உரிமையாளருக்குப் பரிசு கிடைத்தது. மாண்டலூன் வெல்லும் என்று பணம் கட்டிய சாதாரண ஆளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓட்டம் முடிந்தபின் பிடிப்பதால் பந்தயம் கட்டியவனுக்கு நீதி கிடைப்பதில்லை, முன்கூட்டியே தடுத்தால்தான் உண்டு.

ஆனாலும் எனக்குப் பணத்தைவிடக் குதிரைதான் பெரிது. ஃபீனைல்பியூட்டசோன் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள், லாயங்களில் பியூட் என்று சுருக்கிச் சொல்வார்கள். வலியையும் வீக்கத்தையும் குறைக்கிற நல்ல மருந்து அது. காயம்பட்ட குதிரையை ஓய்வில் கட்டிவைத்துக் கொடுத்தால் சிகிச்சை. கொடுத்துவிட்டு ஓடவிட்டால் கொலைக்குச் சமம். 450, 500 கிலோ எடையுள்ள விலங்கு மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் பாயும்போது, ஒரு கணத்தில் அந்த எடை முழுவதும் ஒரே காலில் இறங்குகிறது. காலெலும்பில் மயிரிழைக் கீறல் இருந்தால் அதைக் குதிரைக்குச் சொல்வது வலி மட்டும்தான். அந்த வலியை மருந்தால் அடக்கிவிட்டால், எலும்பு முறியும்வரை அது ஓடும். முதுகில் ஒரு ஜொக்கி இருக்கிறார். பின்னால் வரும் குதிரைகளின் மேலும் மனிதர்கள் இருக்கிறார்கள். 1968இலேயே இதே மருந்துக்காகக் கென்டக்கி டேர்பியில் முதலில் வந்த டான்சர்ஸ் இமேஜின் வெற்றி பறிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் தெரிந்த விஷயம் இது.

அப்புறம் லாசிக்ஸ். கடுமையாக ஓடும் குதிரைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிவதுண்டு, லாசிக்ஸ் அதைக் குறைக்கும். கூடவே உடலிலிருந்து நீரை வெளியேற்றி எடையையும் குறைத்துவிடும், சோதனையில் வேறு மருந்து தென்படாதபடி சிறுநீரையும் நீர்த்துப்போகச் செய்யும். அமெரிக்காவில் பல வருடங்கள் பந்தய நாளிலேயே இதை ஊசியாகப் போட்டார்கள். இங்கிலாந்து, ஹொங்கொங், ஜப்பான், அவுஸ்திரேலியா எல்லாம் பந்தய நாளில் கூடாது என்று நிற்கின்றன. அமெரிக்காவிலும் 2020இல் தனிச் சட்டம் கொண்டுவந்து, அதுவரை மாநிலத்துக்கு ஒன்றாக இருந்த விதிகளை ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டு வயதுக் குதிரைகளுக்கும் பெரிய பந்தயங்களுக்கும் லாசிக்ஸ் இப்போது அங்கேயும் கிடையாது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கீழேயிருந்து வரும் குதிரைக்கு அங்கே மூச்சு வாங்கும். ஒரு ஊசி போட்டால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரலாம். அந்த எண்ணம் வருகிற இடத்தில் விதி தெளிவாக நிற்க வேண்டும்: பந்தய நாளில் எந்த ஊசியும் இல்லை, வயிற்றுக்குள் குழாய் விட்டு எதையும் ஊற்றுவதும் இல்லை. குழாயை ஏன் சொல்கிறேன் என்றால், சோடியம் பைகார்பனேற் என்ற சாதாரண அப்பச் சோடாவைக் கரைத்து மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்டுக் களைப்பைத் தள்ளிப்போடும் பழக்கம் உலகத் திடல்களில் இருந்தது. அதனால்தான் அந்தச் சோடாவால் கூடுகிற மொத்தக் காபனீரொட்சைட்டு இரத்தத்தில் லீற்றருக்கு 36 மில்லிமோலைத் தாண்டக்கூடாது என்று சர்வதேச எல்லை வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தெரிந்தே செய்யும் காரியங்கள். எனக்கு அதிகக் கவலை, தெரியாமல் நடப்பதைப் பற்றித்தான்.

மெடினா ஸ்பிரிட்டின் இரத்தத்தில் இருந்தது ஒரு மில்லிலீற்றருக்கு 21 பிகோகிராம். ஒரு கிராமை இலட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். தோல் புண்ணுக்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று பயிற்சியாளர் தரப்பு சொன்னது. களிம்பானாலும் ஊசியானாலும் இருந்தது இருந்ததுதான் என்று தீர்ப்பு வந்தது. இன்றைய ஆய்வுகூடங்களின் கண் அவ்வளவு கூர்மை. அப்படியிருக்க, லாயத்தில் வேலை செய்யும் ஒருவரின் அன்றாடப் பழக்கமே ஒரு குதிரையின் வெற்றியைப் பறித்துவிடும்.

நடந்தவற்றைச் சொல்கிறேன். 1979இல் இங்கிலாந்தின் வூஸ்டர் திடலில் வென்ற நோ பொம்ப்ஸ் என்ற குதிரை, லாயத்துப் பையனின் மார்ஸ் சொக்லேட்டைப் பிடுங்கித் தின்றிருந்தது. கொக்கோவில் இருக்கும் தியோபுரோமின் சிக்கியது, வெற்றி போனது. 2014 அஸ்கொட் தங்கக் கிண்ணத்தில் இரண்டாவதாக வந்தது எலிசபெத் மகாராணியின் எஸ்டிமேற். அதன் உடலில் மோர்ஃபின் இருந்தது. யாரும் ஊசி போடவில்லை, தீவனத்தில் மோர்ஃபின் உள்ள கசகசாச் செடியின் கலப்பு இருந்தது. மகாராணியின் குதிரை என்று விட்டுவிடவில்லை, பரிசைத் திருப்பி எடுத்தார்கள். 2019 ஜூனில் ஜப்பானில் ஒரு துணைத் தீவனத்தில் தியோபுரோமின் இருப்பது தெரிந்ததும், அந்த வார இறுதியில் ஓடவிருந்த 156 குதிரைகளை நிறுத்திவிட்டார்கள். 2008 ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹொங்கொங்கில் நடந்தபோது, நான்கு குதிரைகள் கப்சைசினுக்காக மாட்டின. கப்சைசின் என்பது மிளகாயின் காரம். வலி போக்கும் தைலங்களில் அது இருக்கும். அதனால் நோர்வே அணி தன் வெண்கலப் பதக்கத்தையே இழந்தது.

இப்போது நம்முடைய லாயத்துக்கு வருவோம். அதிகாலையில் பிளேன்டீயோடு குதிரையிடம் போகிற மனிதர் இருக்கிறார். தேயிலையில் இருக்கும் கஃபீன் பந்தயக் குதிரைக்குத் தடை. மிச்சத் தேநீரைத் தீவன வாளியில் ஊற்றக்கூடாது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? வெற்றிலை போடுகிறவர் இருக்கிறார். பாக்கில் அரெக்கோலின் இருக்கிறது, அது குதிரையின் நரம்பு மண்டலத்தில் வேலை செய்யும் பொருள். வாய்க்குள் பாக்கை ஒதுக்கிவைத்துக்கொண்டு, பாக்கைத் தொட்ட கையாலேயே கடிவாளத்தைக் குதிரையின் வாயில் மாட்டுவது நடக்கக்கூடியதுதானே. முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்த கையால் குதிரையின் காலைப் பிடித்துவிடுகிறவர் இருக்கிறார். இனிப்பில் கசகசா தூவுகிற வீடுகள் இருக்கின்றன. குதிரை மேல் பாசம் உள்ளவர்தான் வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊட்டுவார். இவர்களில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதுகிறேன். வேலையாட்கள் சாப்பிடும் மருந்து அவர்களின் சிறுநீர் வழியாக வைக்கோலில் சேர்ந்து, குதிரை அதைத் தின்று சோதனையில் மாட்டுவது உலகம் முழுவதும் தெரிந்த பிரச்சினை. நீரிழிவுக்கு நம்மவர்கள் போடும் மெட்ஃபோர்மின் அமெரிக்காவில் இப்படித்தான் பெரிய வாக்குவாதமானது. லாயத்துக்குள் சிறுநீர் கழிக்காதே என்று பலகை மாட்டுவது சுலபம். விடியற்காலை நான்கு மணிக்கு, நுவரெலியாக் குளிரில் வேலைக்கு வரும் மனிதருக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை கட்டிக்கொடுத்துவிட்டு மாட்டுங்கள். கைகழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் வையுங்கள். இதுவும் மருந்து விதிதான்.

என் பெரியப்பா மலையில் ஒரு லாயத்தில் பல காலம் வேலை செய்தவர். குதிரையின் காதைப் பார்த்தே அதற்குக் காய்ச்சலா என்று சொல்லிவிடுவார். போத்தலில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அவரால் வாசிக்க முடியாது. அவர் கையில் கொடுக்கப்பட்டதை அவர் கொடுத்தார், அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்த லாயங்களின் சுவர்களில் சாமிப் படமும் நாட்காட்டியும் இருந்தன. மருந்து விதி எந்த மொழியிலும் இருக்கவில்லை.

அதனால் பொறுப்பைப் பற்றியும் கேட்கிறேன். இங்கிலாந்து, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் குதிரையின் உடலில் எது இருந்தாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் பயிற்சியாளர். 2013இல் நியூமார்க்கெட்டில் கொடொல்ஃபின் என்ற பெரிய லாயத்தின் குதிரைகளில் தசை வளர்க்கும் ஸ்டீரொயிட் கண்டுபிடிக்கப்பட்டபோது, எட்டு வருடத் தடை விழுந்தது பயிற்சியாளர் மஹ்மூத் அல் சரூனி மீது. அமெரிக்காவில் ஹோர்ஹே நவாரோ என்ற பயிற்சியாளர் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்த வழக்கில் ஐந்து வருடச் சிறைத்தண்டனை பெற்றார். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். சோதனையில் மாட்டினால் லாயத்து வேலையாளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டு விஷயத்தை முடிக்கிற வழி இருக்கவே கூடாது. அதை விதியிலேயே எழுதுங்கள். அவர் பயமில்லாமல் உண்மையைச் சொன்னால்தான் தீவனத்தில் வந்ததா, கையில் வந்ததா, ஊசியில் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியும்.

செலவு ஆகும், நம்மிடம் ஆய்வுகூடம் இல்லை என்று சொல்வீர்கள். நமக்குப் பந்தய நாட்களே கொஞ்சம்தான், ஆகவே மாதிரிகளும் கொஞ்சம்தான். ஒவ்வொரு ஓட்டத்திலும் வென்ற குதிரை, அதோடு குலுக்கலில் எடுத்த இன்னொன்று. சிறுநீரும் இரத்தமும் உரிமையாளர் தரப்பின் கண்முன்னே எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரை வைத்து, குளிரூட்டி அனுப்பலாம். ஹொங்கொங்கில், இங்கிலாந்தில், பிரான்சில், மொரீஷியஸில் இதற்கென்றே ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. முதல் பாகத்தில் ஏதாவது தென்பட்டால், இரண்டாவது பாகத்தை வேறு இடத்தில் சோதிக்கக் கேட்கும் உரிமை குதிரைக்காரருக்கு இருக்க வேண்டும். எந்தப் பொருள் தடை என்று நாம் புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டியதில்லை. சர்வதேசக் குதிரைப் பந்தய அதிகாரசபைகளின் சம்மேளனத்து ஒப்பந்தத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

இந்தியாவிலிருந்து குதிரை வரும்போது அதன் முழு மருத்துவக் குறிப்பும் கூடவே வரட்டும். ஸ்டீரொயிட் கொடுத்து வளர்த்த உடம்பு, மருந்தை நிறுத்திப் பல மாதமானாலும் அந்த லாபத்தோடுதான் ஓடும். இரத்தத்தில் தெரியாவிட்டாலும் பிடரி மயிரில் தெரியும்.

அமைச்சுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டில் ஊக்கமருந்துக்கு எதிரான 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் வீரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2025இல் நிறைவேறிய சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் பந்தயப் பணத்தைப் பார்க்கிறது. பணத்துக்கும் வீரருக்கும் நடுவில் நிற்கிற குதிரையைப் பார்க்க நாட்டின் சட்டத்தில் தெளிவான ஓர் இடம் வேண்டும். வர்த்தமானியில் ஒழுங்குவிதியாக வந்தாலும் போதும்.

ஏப்ரலுக்கு முன் வரைவை வெளியிட்டு, லாயத்து வேலையாட்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேளுங்கள். ஆங்கில விதிகளைத் தமிழாக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். மலையில் அதை வாசித்துக் காட்டவும் வருவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு ரேஸ் ரசிகன்