வெளிச் சாப்பாடு எது? பூங்கா நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்தாருக்கு,

வணக்கம்.

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு, இரண்டு எவர்சில்வர் டின்களும் ஒரு ஓலைக் கொட்டானும் வைத்துக்கொண்டு உங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டம் நாங்கள்தான். பெரியவர்கள் 11 பேர், பிள்ளைகள் 6 பேர். விடியற்காலை மூன்றரைக்குக் காரைக்குடியில் வேன் ஏறியவர்கள். பூங்காவின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களைச் சந்தி சிரிக்க வைப்பது என் நோக்கமில்லை. இதே விதியை வைத்திருக்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

அன்று பையைச் சோதித்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வெளிச் சாப்பாடு அலவுட் இல்லம்மா" என்றது. பின்னால் இருந்த பலகையிலும் அதைத்தான் எழுதியிருந்தீர்கள். என் மாமியாருக்கு வயது 71. அவர் பலகையைப் படித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "வெளிச் சாப்பாடுன்னா கடையில வாங்குறதுல்ல தாயி? இது வீட்டுல செஞ்சது."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தபோது, மாமியார் சொன்னதில் தப்பே இல்லை என்று தோன்றியது. எங்கள் வீடுகளில் "வெளிச் சாப்பாடு ஒத்துக்காது" என்று சொன்னால் ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காது என்றுதான் பொருள். அப்படிப் பார்த்தால் உங்கள் வாசலுக்கு உள்ளே விற்பதுதான் வெளிச் சாப்பாடு. நாங்கள் டின்னில் கொண்டுவந்தது வீட்டுச் சாப்பாடு. நீங்கள் பலகையில் எழுதிய வார்த்தை உங்கள் கட்சிக்கே எதிராக நிற்கிறது.

சரி, டின்னில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் மேலோட்டமாகத்தான் பார்த்தது.

ஒரு டின்னில் தேன்குழல். இன்னொன்றில் பாதி சீப்புச் சீடை, பாதி மனகோலம். கொட்டானில் மாவுருண்டை. இதற்கான வேலை புதன்கிழமையே தொடங்கிவிட்டது. பச்சரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி, வறுத்த உளுந்தோடு மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேயும் நின்று பார்க்க வேண்டும். எங்களுக்கு முன்னால் யாராவது கோதுமையோ மிளகாயோ அரைத்திருந்தால் அந்த மிஷினில் நம் மாவைப் போடக்கூடாது. தேன்குழல் வெள்ளையாக வர வேண்டும். கொஞ்சம் சிவந்தாலும் மாமியார் அதைத் தனியாக எடுத்து "இது நமக்கு" என்று ஒதுக்கிவிடுவார். சீப்புச் சீடைக்குத் தேங்காய்ப் பால் ஊற்றிப் பிசைந்து, வரி விழும்படி பிழிந்த மாவைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரலில் சுற்றி ஒட்ட வேண்டும். அன்றைக்குச் சுற்றியது 400-க்கு மேல். எண்ணியவள் என் மகள். சுற்றிய களைப்பில் எண்ணாமல் விட மனசு வரவில்லையாம்.

மனகோலம் வேறு கணக்கு. மாவைப் பிழிந்து பொரித்து, நொறுக்கி, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் வறுத்துச் சேர்த்து, வெல்லப்பாகைச் சரியான பதத்தில் மேலே ஊற்ற வேண்டும். பாகு இளகினால் ஒட்டும், முறுகினால் பல் போகும். பொரித்த எல்லாமும் நன்றாக ஆறிய பிறகுதான் டின்னில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து நமுத்துவிடும். ஒழுங்காகச் செய்து வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். ஈரம் இல்லாத பண்டம். சிந்தாது, ஒழுகாது, நாறாது, வெயிலில் கெடாது. பயணத்துக்கென்றே எங்கள் ஊர் கண்டுபிடித்து வைத்திருக்கிற பொருள் இது.

சும்மா சொல்லவில்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஊர் இது. கப்பல் ஏறியவர்களின் மூட்டையில் பலகாரம் இல்லாமல் இருந்திருக்குமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் பைகளை இன்றைக்குத் திறந்து பார்த்தாலும் ஏதோ ஒரு டப்பா இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணை அனுப்பும்போது எத்தனை பலகாரம் வந்தது என்று பார்க்கிற வழக்கத்தைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், அது தனிச் சண்டை. நான் சொல்ல வருவது, ஊரை விட்டு எங்கே போனாலும் கையில் ஒரு டின் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குக் கஞ்சத்தனத்தில் வந்த பழக்கம் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், "டிக்கெட்டுக்கு இவ்வளவு கொடுக்கிறவங்க சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறாங்களே" என்று காதில் விழும்படி சொன்னார். கணக்குப் பார்க்கவில்லை ஐயா. மூன்று நாள் வேலையையும், எண்ணெய், வெல்லம், நெய் விலையையும் சேர்த்தால் உங்கள் உணவுக்கூடத்திலேயே வாங்கித் தின்பது மலிவாக இருந்திருக்கும்.

அப்புறம் என்ன ஆனது என்பதையும் எழுதுகிறேன். டின்கள் வேனுக்குத் திரும்பிப் போயின. வேன் வெயிலில் நின்றது. தேன்குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாவுருண்டைதான் நெய் விட்டு, கொட்டானின் ஓலை முழுவதும் ஊறிவிட்டது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம். அதை நெய்யில் ஊறப்போட வேண்டி வரும் என்று யாரும் நினைக்கவில்லை.

மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. பன்னிரண்டரைக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் உணவுக்கூடத்தில் வரிசை நகர 40 நிமிடம் ஆனது. அங்கே கிடைத்தது பிரைட் ரைஸ், நூடுல்ஸ், பொரித்த உருளைக்கிழங்கு, பிறகு "செட்டிநாடு பிரைட் ரைஸ்" என்று ஒன்று. இதைச் செட்டிநாட்டில் யாரும் பார்த்ததில்லை. கிராம்பும் அன்னாசிப்பூவும் கல்பாசியும் சேர்ந்தால் வருகிற வாசம் அதில் இல்லை. சிவப்புப் பொடி மட்டும் இருந்தது. அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, உறைப்பு தாங்காமல் தண்ணீர் கேட்டார். எங்கள் தண்ணீர்ப் பாட்டில்களையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டீர்கள் என்பதை நினைவுபடுத்துகிறேன். வேனுக்குப் போய் நாலு இட்லி சாப்பிட வைத்துவிட்டு வரலாம் என்றால், வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டோம் என்றார்கள். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டிய இட்லி. சட்னி கெட்டுவிடும் என்றுதான் பொடி. எல்லாம் யோசித்துக் கட்டியது. நூறு அடி தூரத்தில் இருந்தது.

இனி உங்கள் பக்கத்தையும் பார்க்கிறேன். வக்கீலுக்குப் படிக்கிற என் தம்பி மகன் முதலிலேயே சொல்லிவிட்டான், "அத்தை, கோர்ட்டுக்குப் போகலாம்னு நினைக்காதீங்க" என்று. சினிமா தியேட்டர்களைப் பற்றி 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று விதி வைக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு. குடிதண்ணீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைப் பெற்றோர் கொண்டுவரலாம். விசாரணையில் நீதிபதி ஜிலேபியை எடுத்துக்காட்டாகச் சொல்லி, தின்றவர் கையைச் சீட்டில் துடைத்தால் சுத்தம் செய்கிற செலவை யார் கொடுப்பது என்று கேட்டதைப் பத்திரிகைகள் எழுதின. நியாயமான கேள்வி. மனகோலமும் கொஞ்சம் பிசுபிசுக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை. உங்கள் தொழிலையே பெரிதாகச் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்களுக்குள் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது, மது கூடாது, சூடு பண்ண வேண்டிய பண்டம் கூடாது என்பது போல ஒரு சில விதிகள்தான். சீனாவில் ஷாங்காய் டிஸ்னி உங்களைப் போலவே தடுத்துக்கொண்டிருந்தது. 2019-இல் ஒரு சட்டக் கல்லூரி மாணவி தன் தின்பண்டங்களை வாசலில் தடுத்ததற்காக வழக்குப் போட்டாள். அமெரிக்காவில் ஒரு விதி, எங்களுக்கு ஒரு விதியா என்பதுதான் ஊர் முழுக்க எழுந்த கேள்வி. அந்தச் செப்டம்பரிலேயே விதியைத் தளர்த்தினார்கள். அவளுக்குக் கிடைத்த இழப்பீடு 50 யுவான். பண்டத்தின் விலையே ஏறக்குறைய அவ்வளவுதான். இப்போது அங்கே சூடு பண்ண வேண்டியது, கடும் வாசனை உள்ளது போன்றவை தவிர மற்றவை உள்ளே போகின்றன. டோக்கியோவில் இன்னும் உள்ளே விடுவதில்லை. ஆனால் வாசலுக்கு வெளியே மேசை போட்டு, கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிட ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது டோக்கியோ அளவுக்குக்கூட இருந்தால் போதும். வாசலுக்கு வெளியே நாலு வேப்பமரம், அதன் அடியில் சிமெண்டுத் திண்ணை, கை கழுவக் குழாய், கையில் முத்திரை குத்தி ஒரு முறை வெளியே போய்த் திரும்பும் வசதி. உள்ளேயே விட மனமிருந்தால், குழம்பு வேண்டாம், எலும்பு வேண்டாம், கண்ணாடி வேண்டாம், ஈரமில்லாத பலகாரமும் தண்ணீரும் மட்டும் என்று விதி போடுங்கள். அலைக்குளத்துக்குப் பக்கத்தில் யாரும் தின்னக் கூடாது என்றும் சேர்த்துப் போடுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் எங்கள் பிள்ளைகளும் அதில்தான் இறங்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் மட்டும் எந்த விதியையும் காட்டாதீர்கள்.

எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆடியில் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் சாப்பிட்ட இலையைக் கண்மாய்க் கரையில் அப்படியே போட்டுவிட்டு வேன் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். ஏறியவர்களில் நானும் உண்டு. பையைத் திறந்து பார்ப்பது பலகாரத்துக்காக அல்ல, மது பாட்டிலுக்காக என்பதும் தெரியும். எங்கள் வேனிலேயே அன்று ஒரு சித்தப்பா இருந்தார், அதற்கு மேல் எழுதவில்லை. குப்பை போட்டால் அபராதம் வையுங்கள். கட்டுகிறோம்.

கடைகளுக்கு நஷ்டம் வரும் என்று சொல்வீர்கள். அன்று டின் வேனில்தான் இருந்தது. எங்கள் பிள்ளைகள் ஐஸ்கிரீம் தின்றார்கள், சோளப்பொரி தின்றார்கள், பச்சை நிறத்தில் ஒரு பானம் குடித்து நாக்கை நீட்டிக் காட்டினார்கள். டின் உள்ளே வந்திருந்தாலும் அதையெல்லாம் தின்றிருப்பார்கள். பிள்ளைகள் ஊருக்கு வந்தால் தேன்குழலைத் தொடுகிறார்களா என்ன? பெரியவர்களுக்குத்தான் அது வேண்டும். இன்னொரு யோசனை: எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே பலகாரம் செய்து கிலோக் கணக்கில் விற்கும் பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உங்கள் உணவுக்கூடத்தில் ஒரு கடையை அவர்களிடம் விடுங்கள். அந்தச் செட்டிநாடு பிரைட் ரைஸ் பலகையைக் கழற்றினாலே இடம் கிடைத்துவிடும்.

வேனுக்குத் திரும்பும்போது மணி ஆறு. வாகனம் நிறுத்துமிடத்தில், பக்கத்து வண்டிக்காரர்கள் பார்க்க, டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே தின்றோம். இட்லி வீணாகிவிட்டது.

காலையில் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். டின்னை மூடித் திருப்பிக் கொடுத்தபோது, மாமியார் இரண்டு தேன்குழலை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார். ஆறு மணிக்கே வந்துவிட்டதாகச் சொன்ன பெண், கை நீட்டப் போய், தலைக்கு மேலே இருந்த கேமராவைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டது. அரையாண்டு விடுமுறைக்கு மறுபடி போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். மாமியார் கேட்பது, "அந்தப் பிள்ளை இன்னும் அங்கதான் வேலை பாக்குதா?" என்பதை மட்டும்தான். பதில் எழுதினால் அதையும் சேர்த்து எழுதுங்கள். புதன்கிழமையே அரிசி நனைக்க வேண்டும்.

இப்படிக்கு,
டின்னோடு வந்த கூட்டத்தில் ஒருத்தி,
காரைக்குடி