1,386 ரூபாய்க் கணக்கு

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் படபடவென்று பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. யாரோ ஒரு 'ஹாஸ்பிடாலிட்டி பிரைவேட் லிமிடெட்' உன் கார்டிலிருந்து 1,386 ரூபாய் எடுத்துவிட்டான், அப்படி ஒரு கம்பெனியே தெரியாது என்றாய். நீ அனுப்பிய ஸ்டேட்மெண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி, போன சனிக்கிழமை. அன்றைக்குத்தானே இந்திராநகரில் நாலு பேராகச் சாப்பிட்டீர்கள், ஆளுக்கு முந்நூறு ஆயிற்று, நீதான் கொடுத்தாய் என்று அம்மாவிடம் சொன்னாய்?

கடை போர்டில் ஒரு பேர், பேங்கில் ஒரு பேர். நான் முப்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த ஹோட்டலிலும் அப்படித்தான். போர்டில் முதலாளியின் அம்மா பேர், கணக்கு ஏதோ எண்டர்பிரைசஸ். கார்டு மெஷின் வந்த புதிதில் ஸ்டேட்மெண்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்தார்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் அந்தப் பேரைக் காட்டினால் அசடு வழிவார்கள். நீயும் கைப்பையைத் துழாவிப் பார்.

பில் கிடைக்கும்வரை சும்மா இருக்க முடியாமல் தொகையைப் பிரித்துப் பார்த்தேன். சாதாரண ஹோட்டலில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், இரண்டரை இரண்டரையாக இரண்டு வரியில் போட்டிருப்பார்கள். அதைக் கழித்தால் 1,320. ஆனால் நீ சொன்ன கணக்கு 1,200. நடுவில் நிற்கிற 120, பத்து சதவீதம். அதுதான் சர்வீஸ் சார்ஜ்! போதாததற்கு அந்த 120-க்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறான், அது ஒரு 6 ரூபாய்.

இதைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சொன்னது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே நின்றது. வரி வேறு, இது வேறு. வரியை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும், இது ஹோட்டலுக்கே போகும். பரிமாறிய பையனுக்குக் கொடுக்கத் தோன்றினால் அவன் கையில் கொடு. எங்கள் காலத்தில் தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்; சாயங்காலம் பையன்கள் உட்கார்ந்து பங்கு பிரிப்பதைப் பார்க்கவே நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் பார்த்துக்கொள். ஒரே தொகை இரண்டு தடவை வந்திருக்கிறதா? என் கையாலேயே ஒரு தடவை நடந்தது. கூட்டமான ஞாயிற்றுக்கிழமை, மெஷின் சுற்றிக்கொண்டே நின்றது, சிலிப் வரவில்லை. ஒரு பெரியவரின் கார்டை மறுபடி தேய்த்தேன். இரண்டும் போய்விட்டது. பாவம், மனுஷர் மறுநாள் மாத்திரைச் சீட்டோடு வந்து நின்றார். இப்போது ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது: பணம் போய் சிலிப் வராவிட்டால் ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் போனால் பேங்க் நாளுக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டும். அதனால் மெஷின் நின்றால் எஸ்எம்எஸ்ஸைப் பார்க்காமல் இரண்டாம் தடவை கார்டைக் கொடுக்காதே. கார்டை அவர்கள் கையில் கொடுத்து உள்ளே எடுத்துப் போகவும் விடாதே.

நிஜமாகவே யாரோ எடுத்திருந்தால் எனக்கு போன் பண்ணிக்கொண்டிருக்காதே. முதலில் ஆப்பில் கார்டை நிறுத்து, அப்புறம் பேங்குக்குச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கு. மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். நாள் தள்ளத் தள்ள நஷ்டம் நம் தலையில் விழும்.

இந்த 1,386-க்கு அதெல்லாம் தேவைப்படாது. பில் கிடைத்து, நான் சொன்னபடி இருந்தால், கேட்க வேண்டியது 126 ரூபாய். ஹோட்டலில் மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணலாம். கேட்பதும் விடுவதும் உன் இஷ்டம். நானாக இருந்தால் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா