படியேறியவர்களுக்கும் கதவு திறந்தவர்களுக்கும்

அன்பின் கொட்டாஞ்சேனை உறவுகளே,

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து பெறுபேறும் வந்துவிட்டது. 117 பேர் அமரப்போகும் கொழும்பு மாநகர சபையில் எங்கள் சுயேச்சைக் குழுவுக்கு ஆசனம் இல்லை. வென்றவர்கள் நன்றி சொல்வது வழக்கம். தோற்றவள் சொன்னால் அடுத்த தேர்தலுக்கு இப்போதே அத்திவாரம் போடுகிறாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதல் நன்றி, வாக்காளர் இடாப்போடு மல்லுக்கட்டிய எங்கள் ரியூஷன் சேருக்கு. தோட்டங்கள் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் வீட்டிலக்கம் ஒழுங்காக ஓடுவதில்லை. 45/12க்குப் பின்னால் 45/3 இருக்கும், அதற்கு மேல்மாடியில் 45/12ஏ இருக்கும். சேர் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒவ்வொரு தோட்டத்தையும் கையால் வரைந்து, எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை வோட்டு என்று பென்சிலால் குறித்துத் தந்தார். வாடகைக்கு இருக்கும் பலருக்குப் பதிவு ஹட்டனிலோ யாழ்ப்பாணத்திலோதான். அந்தக் கதவுகளுக்குச் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். "வட்டம் இருக்கெண்டு தாண்டிப் போயிடாத மகள், அவங்கட வாசலாலயும் அதே கான்தான் (வடிகால்) ஓடுது" என்றும் சொன்னார். நேரம் நெருக்கிய நாட்களில் அந்தச் சொல் பெரிய உபத்திரவமாக இருந்தது. ஆனாலும் போனோம்.

என்னோடு நடந்த தம்பி தங்கச்சிமாருக்கு என்ன சொல்ல? காலையில் போனால் வீட்டில் ஆளில்லை, வேலைக்குப் போயிருப்பார்கள். மத்தியானம் ஏப்ரல் வெயில். நாலு மணிக்குப் பிறகு இடியோடு மழை. மிஞ்சுவது இருட்டுப்பட்ட பிறகு கிடைக்கும் இரண்டு மணித்தியாலம், அதுவும் நாடகம் ஓடுகிற நேரம். இதற்குள் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. பெரிய வெள்ளி, உயிர்த்த ஞாயிறு நாட்களில் எங்கள் பகுதியில் நோட்டீசோடு கதவு தட்டுவது மரியாதையும் இல்லை. தேர்தல் திகதி குறித்தவர்கள் கலண்டரைப் பார்த்தார்களோ தெரியாது. பிரசாரமோ மே 3 நள்ளிரவோடு சரி.

இன்னொரு தலையிடி, வோட்டுப் போடும் முறை. "உங்கட இலக்கம் என்ன?" என்று கேட்காத வீடே இல்லை. உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் விருப்பு வாக்கு கிடையாது. வாக்குச்சீட்டில் என் பெயரும் இருக்காது, குழுவின் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி மட்டும்தான். பாராளுமன்றத் தேர்தலுக்கு மூன்று இலக்கம் போட்டுப் பழகியவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வாசலில் ஐந்து நிமிடம் வேண்டும். நாங்கள் தமிழில் திணற, சிங்களத்தில் எடுத்துச் சொன்ன கடைக்கார நானாவுக்கு நன்றி. தன் கடையை மகனிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தார். அவர் எங்களுக்கு வோட்டுப் போடவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதையும் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

லிஃப்ட் வேலை செய்யாத தொடர்மாடியில் ஆறாம் மாடி உம்மாவை மறக்க முடியாது. நோட்டீசை வாங்கவில்லை. கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போய், மேல்வீட்டுக் குழாய் ஒழுகுவதற்குக் கீழே வைத்திருந்த பெயின்ட் வாளியைக் காட்டினா. பாதி நிரம்பியிருந்தது. "முன்ன வந்தவங்களுக்கும் காட்டினேன், நீங்களும் பாருங்க." அந்தக் கட்டடம் மாநகர சபையின் பொறுப்பில் இல்லை, நான் வென்றாலும் அந்தக் குழாயைத் திருத்த எனக்கு அதிகாரம் வராது என்று சொன்னேன். கூட வந்த தம்பி என் முதுகில் இடித்தான், சும்மா தலையாட்டிவிட்டு வந்திருக்கலாமாம். "அப்ப உங்கள்ட்ட காட்டி என்ன?" என்றா உம்மா. பிறகு உள்ளே போய் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தா. குப்பை, கான், தெருவிளக்கு, சோலைவரி (வீட்டுக்குச் சபை அறவிடும் வரி) என்று எங்களால் கேட்கக்கூடியவற்றை அந்த டீ முடியுமட்டும் பேசினோம். ஒரு பொதுக்கூட்டத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்காது.

கோபப்பட்டவர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய தேர்தல் காசில்லை என்று நின்றுபோனது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய வேட்புமனுக்கள் ரத்தாகி, 2025 மார்ச்சில் புதிதாகக் கேட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக முறையிட ஓர் உறுப்பினர் இல்லாமல் இருந்த சனம் முதலில் வந்தவர் மேல்தான் கொட்டும். கொட்டியது நியாயம்தான். "பொம்பிளையள் 25 வீதம் வேணுமெண்டு சட்டம் வந்ததால உங்களப் போட்டிருக்கினம்" என்று வாசலில் வைத்தே சொன்ன ஐயாவுக்கு மட்டும் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன், நேரில் சொல்கிறேன்.

அடுக்குமாடிகளின் கேட்டில் மறித்த செக்யூரிட்டி அண்ணாமார் மேல் வருத்தமில்லை. நிர்வாகக் குழு சொன்னதைத்தான் செய்தார்கள். ஒருவர் மழைக்குத் தன் குடையைத் தந்தார்.

காலை ஏழு முதல் மாலை நாலு வரை வாக்கெடுப்பு நிலையத்தில் முகவராக இருந்து, எண்ணி முடியும்வரை எழும்பாத பிள்ளைகள், என் மகனை ரியூஷனால் கூட்டிவந்து சோறு கொடுத்துப் படுக்கவைத்த பக்கத்து வீட்டு அக்கா, எந்த நேரமும் கஞ்சியோ சோடாவோ வைத்திருந்த அம்மா, எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவுச் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்கவேண்டும். சும்மா கிடைத்த உதவியையும் எழுதவேண்டும். ஆட்டோ அண்ணா, "நமக்குள்ள என்ன கணக்கு" என்று நீங்கள் சொன்னது சந்தோஷம், ஆனால் பெற்றோலுக்கு எவ்வளவு முடிந்தது என்று தயவுசெய்து ஒரு துண்டில் எழுதித் தாருங்கள். நோட்டீஸ் அடித்த அச்சகத்தின் பில் வந்துவிட்டது. கதிரை வாடகைக்குத் தந்தவர் இன்னும் தரவில்லை. அவருடைய இரண்டு கதிரை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.